ரைட் இரேஸ் தொடாத இடம்: சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்சின் பூட் அமைப்புகளை ஃபேக்டரி நிலைக்குத் திருப்புவது

வேறொரு கிளையில் ஓடிய நெட்வொர்க் ஸ்விட்ச் உங்கள் மேசைக்கு வருகிறது. கான்ஃபிக்கை (அமைப்புகள் எழுதிய கோப்பை) அழிக்கும் ரைட் இரேஸ் கட்டளை கொடுத்து ரீலோடும் செய்தாயிற்று. கான்ஃபிக் காலி. ஆனால் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் அந்த ஸ்விட்ச் தானாக எழும்பாமல் "ஸ்விட்ச்:" என்ற ஒற்றை ப்ராம்ப்டில் நின்றுவிடுகிறது. இன்னொரு ஸ்விட்ச் எழும்புகிறது, ஆனால் நீங்கள் ஏற்றிய புது ஐஓஎஸ்ஸை (ஸ்விட்சின் இயங்குதளத்தை) விட்டுவிட்டு பழையதையே எடுக்கிறது. மூன்றாவதில் கன்சோல் திரை முழுக்கக் குப்பை எழுத்துகள். நான்காவது ஸ்விட்ச் தனியாகத்தான் இருக்கிறது, அதன் முதல் போர்ட்டோ கிகாபிட் 3/0/1 என்று பெயர் சொல்கிறது.

நான்குக்கும் காரணம் ஒன்றுதான். பூட் அமைப்புகள் கான்ஃபிக் கோப்பில் இருப்பதில்லை. கேட்டலிஸ்ட் 2960 வகை ஸ்விட்சுகளில் மூன்று தனித்தனி இடங்களில் விஷயங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஃப்ளாஷில் உள்ள கான்ஃபிக்.டெக்ஸ்ட் கோப்பு (கூடவே பிரைவேட்-கான்ஃபிக்.டெக்ஸ்ட்) முதலாவது. அதே ஃப்ளாஷில் உள்ள விலேன்.டேட் இரண்டாவது; ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலேன்களின் பட்டியல் இதில்தான் இருக்கும். மூன்றாவது, பூட் லோடரின் (பவர் வந்ததும் முதலில் ஓடி ஐஓஎஸ்ஸை ஏற்றும் சிறு நிரலின்) என்விரான்மென்ட் வேரியபிள்கள். இவை ஃப்ளாஷ் ஃபைல் சிஸ்டத்துக்கு வெளியே இருப்பவை. டிர் ஃப்ளாஷ் கொடுத்துத் தேடினால் கண்ணில் படாது. ரைட் இரேஸ் முதல் இடத்தை மட்டுமே துடைக்கிறது. எந்த ஐஓஎஸ்ஸை ஏற்றுவது, தானாக ஏற்றுவதா கேட்டு ஏற்றுவதா, எந்தக் கோப்பைக் கான்ஃபிக்காகப் படிப்பது, கன்சோலின் வேகம் என்ன, ஸ்டாக்கில் (ஒரே ஸ்விட்ச் போல இயங்கும்படி இணைத்த ஸ்விட்சுகளின் தொகுப்பில்) எத்தனையாவது உறுப்பினர் என்பதெல்லாம் மூன்றாவது இடத்தில் அப்படியே தங்கிவிடுகின்றன.

கீழே வரும் கட்டளைகள் உச்சரிப்புப்படி தமிழில் கொடுக்கப்பட்டிருக்கின்றன. தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். பூட் லோடரில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: வேரியபிள் பெயர்களுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. அவற்றை முழுக்கப் பெரிய எழுத்தில், இடையில் அண்டர்ஸ்கோர் போட்டே எழுத வேண்டும். சின்ன எழுத்தில் எழுதினால் ஸ்விட்ச் அதை வேறு ஒரு புது வேரியபிளாக எடுத்துக்கொள்ளும்; பழையது அசையாமல் இருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

வெளிர் நீல நிற ரோல்ஓவர் கன்சோல் கேபிள், யூஎஸ்பி-சீரியல் அடாப்டர், புட்டி அல்லது டெரா டெர்ம் மென்பொருள். 2960-எஸ், 2960-எக்ஸ் மாடல்களில் மினி யூஎஸ்பி கன்சோல் போர்ட்டும் உண்டு. இணைப்பு அமைப்பு: 9600 பாட், 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. கடைசியாகச் சொன்னதில்தான் பலரும் சிக்குகிறார்கள். புட்டியில் ஃப்ளோ கன்ட்ரோல் தானாக எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் என்று இருக்கும். அதை நன் என்று மாற்றுங்கள். ஸ்விட்ச் எழுதுவது திரையில் வருகிறது, நீங்கள் தட்டுவது மட்டும் போய்ச் சேரவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலைத்தான். திரை முழுக்க வெறுமையாக இருந்தால் தவறான காம் போர்ட்டைத் திறந்திருப்பீர்கள். டிவைஸ் மேனேஜரில் எண்ணைப் பாருங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் எல்லா அப்லிங்க் கேபிள்களையும் (மற்ற நெட்வொர்க்கோடு இணைப்பவற்றை) கழற்றிவிடுங்கள். கன்சோலும் பவரும் மட்டும் போதும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கான்ஃபிக் இல்லாமல் எழும் ஸ்விட்ச் விலேன் 1-இல் டிஹெச்சிபி வழியாக ஐபி கேட்டு, டிஎஃப்டிபி சர்வரில் கான்ஃபிக் தேடத் தொடங்கும். நெட்வொர்க்கில் யாராவது பதில் சொன்னால் நீங்கள் அழித்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். இரண்டாவது காரணம் விடிபி, அதாவது ஸ்விட்சுகள் விலேன் பட்டியலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை; அதைப் பிறகு பார்ப்போம்.

உள்ளே நுழைய முடிகிறது என்றால், அழிப்பதற்கு முன் இவற்றை எடுத்து ஒரு டெக்ஸ்ட் கோப்பில் சேமியுங்கள்: ஷோ வெர்ஷன், ஷோ பூட், ஷோ ரன்னிங்-கான்ஃபிக், ஷோ விலேன் பிரீஃப், டிர் ஃப்ளாஷ்:, ஷோ எஸ்டிஎம் பிரிஃபர். புட்டியின் லாகிங்கை ஆரம்பத்திலேயே இயக்கிவிட்டால் எல்லாம் தானாகப் பதிவாகும்.

பாஸ்வேர்டு தெரிந்தால்: ஐஓஎஸ் வழி

முதலில் ஷோ பூட் என்ன சொல்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். அதுதான் நோயாளியின் கேஸ் ஷீட். ஃபேக்டரி நிலையில் கான்ஃபிக் ஃபைல் என்ற வரிக்கு எதிரே ஃப்ளாஷ்:/கான்ஃபிக்.டெக்ஸ்ட், பிரைவேட் கான்ஃபிக் ஃபைலுக்கு ஃப்ளாஷ்:/பிரைவேட்-கான்ஃபிக்.டெக்ஸ்ட், எனேபிள் பிரேக்குக்கு நோ, மேனுவல் பூட்டுக்கு நோ, ஹெல்பர் பாத்-லிஸ்ட்டுக்கு எதிரே வெறுமை என்று இருக்க வேண்டும். மாறியிருப்பதை மட்டும் குறித்துக்கொண்டு, கான்ஃபிகர் டெர்மினலுக்குள் போய் இவற்றைக் கொடுங்கள்:

நோ பூட் மேனுவல்
நோ பூட் எனேபிள்-பிரேக்
நோ பூட் கான்ஃபிக்-ஃபைல்
நோ பூட் பிரைவேட்-கான்ஃபிக்-ஃபைல்
நோ பூட் ஹெல்பர்
நோ பூட் ஹெல்பர்-கான்ஃபிக்-ஃபைல்
நோ பூட் சிஸ்டம்

இந்தக் கட்டளைகள் வேரியபிள்களை நேரடியாக மாற்றுகின்றன. ரைட் மெமரி கொடுத்துச் சேமிக்கத் தேவையில்லை. கொடுத்தால் அழிக்கப்போகும் கான்ஃபிக்கைத்தான் மறுபடி எழுதுவீர்கள். எக்சிட் ஆகி, மீண்டும் ஷோ பூட் பாருங்கள்.

கடைசி வரியான நோ பூட் சிஸ்டம் பற்றி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பூட் வேரியபிள் காலியாக இருந்தால், பூட் லோடர் ஃப்ளாஷில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அடிவரை இறங்கித் தேடி, ஓடக்கூடிய முதல் இமேஜ் (ஐஓஎஸ் கோப்பு) எது கிடைக்கிறதோ அதை ஏற்றிவிடும். ஃப்ளாஷில் ஒரே ஒரு ஐஓஎஸ் இருந்தால் இதில் ஒரு ஆபத்தும் இல்லை. இரண்டு இருந்தால் எது முதலில் கண்ணில் படும் என்பது நீங்கள் தீர்மானிப்பதாக இருக்காது. புதியதுதான் ஏறும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எனவே வேரியபிளைக் காலி செய்வதற்கு முன் டிர் ஃப்ளாஷ்: பார்த்து, தேவையில்லாத இமேஜையும் அதன் ஃபோல்டரையும் டெலீட் /ஃபோர்ஸ் /ரிகர்சிவ் கொண்டு நீக்குங்கள். நீக்கும் முன் ஷோ வெர்ஷனில் "சிஸ்டம் இமேஜ் ஃபைல்" என்ற வரியைப் பார்த்து, இப்போது ஓடுவது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டையும் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் நோ பூட் சிஸ்டத்தோடு நிறுத்தாமல், வேண்டிய இமேஜின் முழுப் பாதையை பூட் சிஸ்டம் கட்டளையில் கொடுத்துவிடுவதே நல்லது. தூய ஃபேக்டரி நிலை என்பதைவிட எது ஏறும் என்று தெரிந்திருப்பது முக்கியம். பாதையைக் கையால் தட்டாதீர்கள். டிர் வெளியீட்டிலிருந்து காப்பி செய்யுங்கள். அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று ஸ்விட்ச் அப்போதே சரிபார்க்கும் என நம்பி இருக்காதீர்கள். ஒரு எழுத்து பிசகினால் அடுத்த ரீலோடில்தான் தெரியும்.

கன்சோல் வேகத்தை யாராவது மாற்றியிருந்தால் அதையும் இங்கேயே சரி செய்யலாம்: லைன் கன்சோல் 0, பிறகு நோ ஸ்பீட். அந்த நொடியிலேயே வேகம் 9600-க்கு மாறும், உங்கள் திரை குழம்பும். பதற்றப்படாமல் புட்டியை 9600-க்கு மாற்றித் திரும்ப இணையுங்கள்.

இனி அழிக்கும் வேலை. எஸ்எஸ்ஹெச் சாவிகள் இருந்தால் முதலில் கான்ஃபிக் மோடில் கிரிப்டோ கீ ஜீரோயிஸ் ஆர்எஸ்ஏ. பிறகு எனேபிள் ப்ராம்ப்டில்:

ரைட் இரேஸ்
டெலீட் ஃப்ளாஷ்:விலேன்.டேட்
ரீலோட்

இந்த மூன்று வரிகளில் மூன்று குழிகள் இருக்கின்றன. டெலீட் கட்டளை முதலில் கோப்பின் பெயரை அடைப்புக்குறிக்குள் காட்டிக் கேட்கும். அங்கே வெறும் என்டர் மட்டும் தட்டுங்கள். "ஒய்" என்று தட்டினால், ஒய் என்ற பெயருள்ள கோப்பை அழிக்கச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லை என்று பிழை சொல்லும், விலேன்.டேட் அப்படியே இருக்கும். இரண்டாவது குழி பெரியது: அவசரத்தில் இரேஸ் ஃப்ளாஷ்: என்று தட்டுவது. அது விலேன்.டேட்டோடு ஐஓஎஸ்ஸையும் சேர்த்து அழித்துவிடும். மூன்றாவது, ரீலோட் கொடுத்ததும் "சிஸ்டம் கான்ஃபிகரேஷன் மாற்றப்பட்டுள்ளது, சேமிக்கவா" என்று கேட்கும். நோ. இங்கே யெஸ் சொன்னால் மெமரியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கான்ஃபிக் மீண்டும் ஃப்ளாஷில் எழுதப்பட்டு, செய்த வேலை எல்லாம் வீணாகும். "ரீசெட் செய்தும் பழைய கான்ஃபிக்கே வருகிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஒரு யெஸ்தான்.

பாஸ்வேர்டு தெரியாவிட்டால்: பூட் லோடர் வழி

2960-இல் பவர் ஸ்விட்ச் கிடையாது. பவர் கார்டைப் பிடுங்குங்கள். மீண்டும் சொருகி, 15 விநாடிக்குள், சிஸ்டம் விளக்கு பச்சையில் மினுங்கிக்கொண்டிருக்கும்போதே முன்பக்க மோட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். விளக்கு ஒரு கணம் ஆம்பர் நிறமாகி, பிறகு அசையாத பச்சைக்கு வரும். அப்போது கையை எடுங்கள். முன்கூட்டியே எடுத்துவிட்டால் ஸ்விட்ச் வழக்கம்போல் ஐஓஎஸ்ஸை ஏற்றப் போய்விடும். திரும்பக் கார்டைப் பிடுங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 2950 போன்ற பழைய மாடல்களில் விளக்கின் நடத்தை வேறு. அங்கே இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது.

"ஸ்விட்ச்:" ப்ராம்ப்ட் வந்ததும் முதல் கட்டளை ஃப்ளாஷ்_இனிட். இது ஓடாமல் ஃப்ளாஷில் உள்ள எந்தக் கோப்பையும் பார்க்க முடியாது. சில பழைய பூட் லோடர்களில் அடுத்து லோட்_ஹெல்பர் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று சொன்னால் விட்டுவிடுங்கள். பிறகு டிர் ஃப்ளாஷ்: கொடுத்து ஐஓஎஸ் இமேஜ் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இமேஜ் இல்லாத ஸ்விட்சில் வேரியபிள்களைத் திருத்திப் பயனில்லை.

அடுத்து செட் என்று மட்டும் தட்டுங்கள். எல்லா வேரியபிள்களும் மதிப்போடு வரிசையாக வரும். இந்தப் பட்டியலைக் கவனமாகப் பாருங்கள், ஏனென்றால் இதில் தொடக்கூடியவையும் தொடவே கூடாதவையும் கலந்து கிடக்கின்றன. மேக்_அட்ரஸ், மாடல்_நம், சிஸ்டம்_சீரியல்_நம், மதர்போர்டு_சீரியல்_நம் போன்றவை ஆலையில் அந்த ஒரு பெட்டிக்கென்று எழுதப்பட்டவை. ஃபேக்டரி நிலை என்ற பெயரில் இவற்றை அன்செட் செய்தால் ஸ்விட்ச் தன் அடையாளத்தையே இழக்கும். எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்ற எண்ணம் இங்கே வேண்டாம்.

மாற்ற வேண்டியவை:

செட் மேனுவல்_பூட் நோ
செட் எனேபிள்_பிரேக் நோ
அன்செட் கான்ஃபிக்_ஃபைல்
அன்செட் பிரைவேட்_கான்ஃபிக்_ஃபைல்
அன்செட் ஹெல்பர்
அன்செட் ஹெல்பர்_கான்ஃபிக்_ஃபைல்
அன்செட் பூட்

பட்டியலில் இல்லாத வேரியபிளை அன்செட் செய்யத் தேவையில்லை. இருப்பதை மட்டும் செய்யுங்கள். மதிப்பை நீக்க வேண்டிய இடத்தில் செட் கொடுத்து வெற்று மேற்கோள் குறி போடுவது சரியான வழி அல்ல. வெற்று மதிப்பு உள்ள வேரியபிளும் மதிப்பு உள்ள வேரியபிளாகவே கணக்கில் வரும். பட்டியலிலிருந்தே போக வேண்டுமென்றால் அன்செட்தான்.

இப்போது கான்ஃபிக். பாஸ்வேர்டு மீட்பு பற்றிய எல்லா வழிகாட்டிகளும் ரீநேம் ஃப்ளாஷ்:கான்ஃபிக்.டெக்ஸ்ட் ஃப்ளாஷ்:கான்ஃபிக்.ஓல்ட் என்று சொல்லும். அது சரிதான், கான்ஃபிக்_ஃபைல் வேரியபிள் இயல்பு நிலையில் இருக்கும்வரை. முன்பு வைத்திருந்தவர் பூட் கான்ஃபிக்-ஃபைல் கொடுத்து வேறு பெயருள்ள கோப்பைச் சுட்டியிருந்தால், ஐஓஎஸ் படிப்பது அந்தக் கோப்பைத்தான். கான்ஃபிக்.டெக்ஸ்ட்டை நூறு முறை பெயர் மாற்றினாலும் அதே பாஸ்வேர்டு கேட்கும். மோட் பட்டன் வேலை செய்கிறது, ரீநேமும் நடக்கிறது, பலன் மட்டும் இல்லை என்று மணிக்கணக்காகத் திணறுவது இந்த இடத்தில்தான். ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் செட், பிறகு ரீநேம்.

முழு ரீசெட்தான் நோக்கம் என்றால் ரீநேமுக்குப் பதில் டெலீட் கொடுக்கலாம்: கான்ஃபிக்.டெக்ஸ்ட், பிரைவேட்-கான்ஃபிக்.டெக்ஸ்ட், விலேன்.டேட் மூன்றும். கான்ஃபிக்கைப் பிறகு பார்க்க வேண்டியிருக்குமோ என்று சிறு சந்தேகம் இருந்தாலும் ரீநேம் செய்து வையுங்கள். வேலை முடிந்ததும் அழித்துக்கொள்ளலாம். எந்தக் காரணத்துக்காகவும் ஃபார்மட் ஃப்ளாஷ்: வேண்டாம்.

கடைசியாக பூட். ஐஓஎஸ் விரிந்து ஏறச் சில நிமிடங்கள் ஆகும். இனிஷியல் கான்ஃபிகரேஷன் டயலாக் வேண்டுமா என்று கேட்டால் நோ.

ரவுட்டர் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரவுட்டரில் கான்ஃபிக் ரெஜிஸ்டரை 0x2142 ஆக்கிப் பாஸ்வேர்டைத் தாண்டுவோம். 2960-இல் ஷோ வெர்ஷனின் கடைசி வரி ரெஜிஸ்டர் 0xஎஃப் என்று காட்டினாலும், அதை மாற்றி பூட்டைக் கட்டுப்படுத்த வழியில்லை. அந்த வேலையை இங்கே வேரியபிள்கள்தான் செய்கின்றன.

சில ஸ்விட்சுகளில் மோட் பட்டனை அழுத்தியதும் வேறு விதமான செய்தி வரும்: பாஸ்வேர்டு மீட்பு தூண்டப்பட்டது, ஆனால் முடக்கி வைக்கப்பட்டுள்ளது, கான்ஃபிக்கை இயல்பு நிலைக்கு மாற்றினால்தான் பூட் லோடருக்குள் போகலாம், சம்மதமா என்று. முன்பு யாரோ நோ சர்வீஸ் பாஸ்வேர்டு-ரெகவரி கொடுத்திருக்கிறார்கள். "என்" கொடுத்தால் பட்டனையே அழுத்தாதது போல வழக்கமான பூட் நடக்கும். "ஒய்" கொடுத்தால் கான்ஃபிக்கும் விலேன்.டேட்டும் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. ரீசெட் செய்யத்தான் வந்தீர்கள் என்றால் ஒய் கொடுங்கள். பிறகு கிடைக்கும் ப்ராம்ப்டில் செட் பார்த்து மேலே சொன்ன வேலையைத் தொடருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது மோட் பட்டனை அழுத்தினால்?

ஐஓஎஸ் ஏறிய பிறகு மோட் பட்டனை அழுத்திப் பிடித்தால் சுமார் 3 விநாடியில் விளக்குகள் மினுங்கும். இன்னும் 7 விநாடி விடாமல் பிடித்தால் மினுக்கம் நின்று ஸ்விட்ச் ரீபூட் ஆகும். கன்சோல் கேபிள்கூட வேண்டாத சுலபமான வழி. ஆனால் இது கான்ஃபிக்கை மட்டுமே ஓரங்கட்டுகிறது. பழைய கோப்புகள் "ரீநேம்ட்" என்ற வாலோடு ஃப்ளாஷிலேயே கிடக்கும். நோ செட்அப் எக்ஸ்பிரஸ் கொடுத்திருந்தால் இந்தப் பட்டன் வேலையே செய்யாது. பூட் அமைப்புகளில் சிக்கல் உள்ள ஸ்விட்சுக்கு இது மருந்தல்ல.

தடுமாறும் இடங்கள்

தானாக பூட் ஆகும்படி அமைக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு "ஸ்விட்ச்:" வந்தால் மேனுவல்_பூட் யெஸ் என்று இருக்கிறது. ஒரு இமேஜின் பெயரைச் சொல்லி அதை ஏற்ற முடியவில்லை என்று பிழை காட்டிவிட்டு அதே ப்ராம்ப்ட் வந்தால், பூட் வேரியபிள் இல்லாத கோப்பைச் சுட்டுகிறது, அல்லது கோப்பு பழுதாகியிருக்கிறது. திரையில் முடிவது ஒரே இடம், நோய் வேறு. முதல் வகைக்கு செட் மேனுவல்_பூட் நோ போதும். இரண்டாவதற்கு டிர் ஃப்ளாஷ்: பார்த்து, இருக்கும் இமேஜின் பாதையைக் கொடுத்து பூட் செய்து பாருங்கள். ஏறினால் வேரியபிளைத் திருத்துங்கள். ஏறாவிட்டால் இமேஜை மாற்ற வேண்டும்.

ஃப்ளாஷில் இமேஜே இல்லையென்றால் எக்ஸ்மோடம் (சீரியல் இணைப்பில் கோப்பு அனுப்பும் முறை) வழியாக கன்சோலில் ஏற்றலாம்: காப்பி எக்ஸ்மோடம்: ஃப்ளாஷ்: என்ற கட்டளையோடு கோப்பின் பெயர். 9600 பாட் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 960 பைட்தான் போகும். 10 எம்பி இமேஜுக்கு 3 மணி நேரத்துக்கும் மேல். அதனால் செட் பாட் 115200 கொடுத்து, புட்டி அல்லது டெரா டெர்மையும் அதே வேகத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். கால் மணி நேரம் சற்றுக் கூடக்குறைய முடிந்துவிடும். கோப்பு அனுப்ப டெரா டெர்ம் வசதி. புட்டியில் எக்ஸ்மோடம் இல்லை. வேலை முடிந்ததும் அன்செட் பாட் கொடுக்க மறப்பதுதான், ஆரம்பத்தில் சொன்ன குப்பை எழுத்துகளின் பிறப்பிடம். அடுத்து வருபவர் 9600-இல் இணைத்து, கன்சோல் போர்ட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார். குப்பை எழுத்து வந்தால் ஸ்விட்சைக் குறை சொல்லும் முன் 115200, 57600, 38400, 19200 என்று ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள்.

ஸ்டாக்கில் இருந்து வந்த 2960-எஸ், 2960-எக்ஸ் ஸ்விட்சுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். உறுப்பினர் எண்ணும் முன்னுரிமையும் ஸ்விட்ச்_நம்பர், ஸ்விட்ச்_பிரையாரிட்டி என்ற வேரியபிள்களில் இருக்கின்றன. பவரை எடுத்துவிட்டு ஸ்டாக் கேபிளைக் கழற்றி, தனியாக எழுப்புங்கள். எண் 3 என்று வைத்துக்கொள்வோம். ரைட் இரேஸுக்கு முன்பே கான்ஃபிக் மோடில் ஸ்விட்ச் 3 பிரையாரிட்டி 1, பிறகு ஸ்விட்ச் 3 ரீநம்பர் 1. எண் மாற்றம் ரீலோடுக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதனால் இந்த இரண்டையும் கொடுத்து, கான்ஃபிக்கையும் அழித்து, ஒரே ரீலோடில் முடித்துவிடலாம். பூட் லோடரில் இருந்தால் செட் ஸ்விட்ச்_நம்பர் 1, செட் ஸ்விட்ச்_பிரையாரிட்டி 1. இதைச் செய்யாமல் விட்டால், முதல் போர்ட் 1/0/1 என்று நம்பி எழுதிய கான்ஃபிக்கை ஒட்டும்போது ஒவ்வொரு இன்டர்ஃபேஸ் வரியும் பிழையாகும். இன்னொரு ஸ்டாக்கில் சேர்க்கும்போது பழைய அதிக முன்னுரிமை எதிர்பாராத ஸ்விட்சை மாஸ்டர் ஆக்கக்கூடும்.

எஸ்டிஎம் டெம்ப்ளேட்டும் (ஸ்விட்சின் வளங்களை எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற அமைப்பு) இப்படித்தான். அதுவும் ரைட் இரேஸின் கையில் இல்லை. ஷோ எஸ்டிஎம் பிரிஃபர் டீஃபால்ட் அல்லாத ஒன்றைக் காட்டினால், உதாரணமாக லேன்பேஸ்-ரவுட்டிங், கான்ஃபிக் மோடில் எஸ்டிஎம் பிரிஃபர் டீஃபால்ட் கொடுத்து ரீலோட் செய்யுங்கள்.

விலேன்.டேட்டை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? விடிபி சர்வராகவோ கிளையன்டாகவோ இருந்த ஸ்விட்சில் டொமைன் பெயரும் ரிவிஷன் எண்ணும் அந்தக் கோப்பில்தான் இருக்கின்றன. கான்ஃபிக்கை மட்டும் அழித்துவிட்டு, அதே டொமைன் பெயரும் பாஸ்வேர்டும் உள்ள நெட்வொர்க்கில் ட்ரங்க் (பல விலேன்களைச் சுமக்கும் இணைப்பு) வழியாகச் செருகினால், இந்தப் பழைய பெட்டியின் ரிவிஷன் எண் பெரிதாக இருக்கும் பட்சத்தில், விடிபி பதிப்பு 1, 2 ஓடும் மற்ற ஸ்விட்சுகள் எல்லாம் இதன் விலேன் பட்டியலை ஏற்றுக்கொண்டு தங்களுடையதைத் தூக்கி எறியும். ஒரு கட்டடம் முழுக்க நெட்வொர்க் படுத்துவிடும். நிலைமையைச் சரிபார்க்க ஷோ விடிபி ஸ்டேட்டஸ் கொடுங்கள். டொமைன் வெறுமையாகவும் ரிவிஷன் 0 ஆகவும் இருக்க வேண்டும். அதைப் பார்க்கும்வரை அப்லிங்கைச் செருகாதீர்கள்.

9300 வகையில்

கேட்டலிஸ்ட் 9300 போன்ற புதிய ஸ்விட்சுகளில் இந்தப் பிரிவினையை சிஸ்கோவே கட்டளையாக்கித் தந்திருக்கிறது. ஃபேக்டரி-ரீசெட் கான்ஃபிக், ஃபேக்டரி-ரீசெட் பூட்-வார்ஸ், ஃபேக்டரி-ரீசெட் ஆல் என்று மூன்று. பயனர் சேர்த்த பூட் வேரியபிள்களை மட்டும் நீக்க நடுவில் உள்ளது போதும். ஆல் என்பதை விளையாட்டாகத் தொடாதீர்கள். அது இப்போது ஓடும் பூட் இமேஜையும் சேர்த்து அழிக்கக்கூடியது. இமேஜ் உள்ள யூஎஸ்பி டிரைவ் கையில் இருந்தால் மட்டுமே கொடுங்கள், நடுவில் பவரை எடுக்காதீர்கள். பாஸ்வேர்டு தாண்டுவதற்காக பூட் லோடரில் ஸ்விட்ச்_இக்னோர்_ஸ்டார்ட்அப்_சிஎஃப்ஜி என்ற வேரியபிளை 1 ஆக்கியிருந்தால், வேலை முடிந்ததும் 0 ஆக்குங்கள். இல்லாவிட்டால் புதிதாக எழுதிச் சேமித்த கான்ஃபிக் ஒவ்வொரு ரீபூட்டிலும் காணாமல் போகும்.

சரிபார்ப்பு

ரீலோட் கட்டளையை நம்பி நிறுத்திவிடாமல், பவர் கார்டைப் பிடுங்கிச் செருகி ஒருமுறை எழுப்புங்கள். எந்தப் பட்டனையும் விசையையும் தொடாமல், இனிஷியல் கான்ஃபிகரேஷன் கேள்வி வரை ஸ்விட்ச் தானாக வர வேண்டும், அதுவும் 9600-இல். பிறகு ஷோ பூட், ஷோ வெர்ஷன், ஷோ விலேன் பிரீஃப், ஷோ விடிபி ஸ்டேட்டஸ் பார்த்து, முதலில் சேமித்த கோப்போடு ஒப்பிடுங்கள்.

டிர் ஃப்ளாஷ்: கொடுத்து மிச்சம் மீதியையும் பாருங்கள். ஓல்ட், ரீநேம்ட், பேக்கப் என்ற பெயர்களில் கிடக்கும் கான்ஃபிக் பிரதிகளில் பழைய பாஸ்வேர்டுகள் அப்படியே இருக்கும். டைப் 7 முறையில் மறைத்த பாஸ்வேர்டை எவரும் நொடியில் திருப்பி எடுக்கலாம். ஸ்விட்சை விற்கப் போகிறீர்கள் அல்லது வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இவை ஒவ்வொன்றையும் அழித்தாக வேண்டும். அதோடு, அந்தப் பாஸ்வேர்டுகள் வேறு ஸ்விட்சுகளில் இன்னும் புழக்கத்தில் இருந்தால் அவற்றை மாற்றிவிடுவதும் அவசியம்.

இன்னொன்று, ஃபேக்டரி நிலை என்றால் ஃபேக்டரியின் பலவீனங்களும் திரும்பி வந்துவிட்டன என்று பொருள். இந்த வகை ஸ்விட்சுகளில் ஸ்மார்ட் இன்ஸ்டால் கிளையன்ட் (புது ஸ்விட்சுக்குத் தொலைவிலிருந்தே கான்ஃபிக்கும் இமேஜும் ஏற்ற உதவும் வசதி) இயல்பாகவே இயங்கும். டிசிபி போர்ட் 4786-இல் காத்திருக்கும். 2018-இல் வெளியான சிவிஇ-2018-0171 என்ற ஓட்டை இதில்தான் இருந்தது. முன்பு யாராவது அக்கறையாக நோ விஸ்டாக் கொடுத்து அடைத்திருந்தாலும், உங்கள் ரைட் இரேஸ் அந்த வரியையும் அழித்துவிட்டது. புதுக் கான்ஃபிக்கில் நோ விஸ்டாக் எழுதி, ஷோ விஸ்டாக் கான்ஃபிக் கொடுத்து அது நின்றிருப்பதைப் பார்த்து, ரைட் மெமரி கொடுத்த பிறகு அப்லிங்கைச் செருகுங்கள்.